எட்டுப் பேரில் தொடங்குங்கள்

"எங்க ஊர்லயும் ஒரு சாரணர் படை ஆரம்பிக்கணும் அண்ணாச்சி. என்னென்ன வாங்கணும்?" என்று கேட்டு என் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. வரிசை வரிசையான கூடாரங்களையும் பல மாநிலப் பிள்ளைகள் அணிவகுத்து வந்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, தங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அப்படி நிற்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசை. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். எட்டுப் பையன்களையும், உங்களைத் தவிர இன்னும் இரண்டு பெரியவர்களையும் தேடிக் கண்டுபிடியுங்கள்.

நான் அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். பள்ளி நாளில் சாரணனாக இருந்து ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார் விருதுவரை போனவன். எனக்குக் கிடைத்தது அடுத்த தலைமுறைக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், எந்தப் பள்ளியையும் சாராத ஒரு திறந்த படையை எங்கள் ஊரில் தொடங்கினேன். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, ஆங்கிலவழிப் பள்ளி என்று எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஞாயிறு காலை கடை திறக்குமுன் இரண்டு மணி நேரம் கூடுகிறோம். சம்பளம் யாருக்கும் கிடையாது. புதிதாகப் படை தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், இந்த வேலையில் எதெது கடினம், அதை எப்படிச் சமாளிக்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

இயக்கம் வந்த வழி

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் ஒரு சோதனை முகாம் நடத்தினார். வந்திருந்தவர்கள் ஏறக்குறைய இருபது பையன்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளிகளிலிருந்து பாதிப் பேர்; பூல், போர்ன்மத் ஊர்களின் உழைப்பாளி வீடுகளிலிருந்து மீதிப் பேர். அன்றைய இங்கிலாந்தில் இவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதே அபூர்வம். அவர்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, கோட்டான் எனப்படும் கரைப்பறவை என்று நான்கு அணிகளாகக் கலந்து பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு மூத்த பையனையே தலைவனாக்கினார் பேடன் பவல். அடுத்த ஆண்டு அவருடைய 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' வெளிவந்தது. இயக்கம் உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் 1909-ல் பெங்களூரில் முதல் படை தொடங்கியது. ஆனால் தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டுமே இடம். இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு மூடியிருந்தது. அந்தக் கதவைத் தட்டியவர்களில் முன்னால் நின்றவர் அன்னி பெசன்ட். ஜார்ஜ் அருண்டேலின் துணையோடு 1916-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் அமைப்பை வளர்த்தார்கள். தனித்தனியாக இருந்த அமைப்புகள் விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கமாக இணைந்தன. அடுத்த ஆண்டு சாரணியர் அமைப்பும் சேர்ந்துகொண்டது.

இந்த வரலாற்றைப் படை தொடங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் சமமாகக் கூடுவது, பிள்ளைகளைப் பிள்ளைகளே நடத்துவது என்ற இரண்டும் இயக்கத்தின் அடித்தளம். கொடியும் பேட்ஜும் அணிவகுப்பும் அதன்மேல் எழுந்தவை. புதிய படைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறப்பதால் வருகின்றன.

கூட்டம் சேர்ப்பது முதல் வேலை இல்லை

படை தொடங்குகிறோம் என்று அறிவித்தால் முதல் ஞாயிறு அறுபது எழுபது பேர் வந்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஒரே ஆள் அத்தனை பேரையும் சமாளிக்க விசிலை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து வாரத்தில் பயிற்சி வெறும் டிரில் வகுப்பாகிவிடும். பையன்களுக்கு அலுத்துப்போகும், கூட்டம் கரைந்துவிடும். நம் மாநிலத்தில் பல படைகள் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

விதிப்படி ஓர் அணி என்பது ஆறு முதல் எட்டுப் பேர். வழக்கமாக நான்கு அணி சேர்ந்தது ஒரு படை. ஆகவே முதலில் எட்டுப் பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருந்தால் நல்லது. அவர்களை ஓர் அணியாக வைத்து, நீங்களே அணித்தலைவர்போல இருந்து சில மாதம் எல்லாவற்றையும் கற்றுக்கொடுங்கள். முடிச்சு, முதலுதவி, தடக்குறி, திசைகாட்டி, அடுப்பு மூட்டுவது, சமைப்பது எல்லாம். அந்த எட்டுப் பேரும் 'பிரவேஷ்' என்ற தொடக்கப் படியை முடித்து உறுதிமொழி எடுத்த பிறகு மற்றவர்களைச் சேருங்கள். இப்போது உங்களிடம் நான்கு அணிக்குத் தலைவரும் துணைத்தலைவரும் தயார். புதிதாக வருகிற பையனுக்கு ரீஃப் முடிச்சைக் கற்றுத்தர நீங்கள் ஓட வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் அணித்தலைவன் கற்றுத்தருவான்.

காத்திருக்கும் பெற்றோர் கோபப்படுவார்கள். "அவங்க பையன எடுத்தீக, எங்க பையன எடுக்கல" என்று நேரில் வந்து கேட்பார்கள். பெயரை எழுதிக்கொண்டு, எந்த மாதம் அழைப்போம் என்று சொல்லி, சொன்ன மாதத்தில் அழைக்க வேண்டும். சொன்ன சொல் தவறாவிட்டால் கோபம் தணிந்துவிடும்.

தெருவைத் தாண்டிய அணி

பையன்களை அவரவர் நண்பர்களோடு அணி சேரவிடுவது நல்லது என்று பழைய கையேடுகள் சொல்லும். எங்கள் பக்கத்தில் அதை அப்படியே செய்ய முடியாது. இங்கே நட்பு பெரும்பாலும் தெருவோடு நின்றுவிடுகிறது. தெரு என்றால் சாதி. 2023 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து நாங்குநேரியில், பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றின் நிறம் எதைச் சொல்கிறது என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் எங்கள் படையில் அணி பிரிக்கும்போது வயதையும் பள்ளியையும் தெருவையும் கலந்துதான் பிரிக்கிறோம். ஒரே தெருவிலிருந்து இரண்டு பேருக்கு மேல் ஓர் அணியில் இல்லை. அணிப்பெயரைப் பையன்களே தேர்ந்தெடுத்தார்கள்: மிளா, இருவாச்சி, நீர்நாய், கீரி. களக்காடு முண்டந்துறைக் காட்டிலும் தாமிரபரணியிலும் அவர்கள் கேள்விப்பட்ட உயிர்கள். படைக்கு வரும்போது கையில் எந்தக் கயிறும் கூடாது என்பது எங்கள் விதி. இதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன். ஒருசிலர் பிள்ளையைத் திருப்பி அழைத்துப்போனார்கள். போகட்டும் என்று விட்டேன். இந்த ஒரு விஷயத்தில் ஆள் குறைகிறதே என்று வளைந்து கொடுத்தால் படை நடத்துவதில் அர்த்தமே இல்லை.

பிள்ளைகள் கலந்து பழகுவது உபதேசத்தால் நடக்காது. சாரணன் எல்லாருக்கும் நண்பன், மற்ற சாரணர்க்குச் சகோதரன் என்ற பொருளில் சாரணர் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. அதை மனப்பாடமாகச் சொல்லும் பையன், தண்ணீர்ப் பாட்டிலை மாற்றிக் குடிக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஓர் அணி சேர்ந்து விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டி, ஒரே சட்டியில் சோறு வடித்துச் சாப்பிட்ட பிறகு அந்தத் தயக்கம் காணாமல் போகிறது. புதிய படை எவ்வளவு சீக்கிரம் ஒரு நாள் சமையல் வெளியுலா போகிறதோ அவ்வளவு நல்லது. முதல் மூன்று மாதத்துக்குள் போய்விடுங்கள்.

தலைமையைக் கையிலிருந்து விடுவது

சாரண ஆசிரியருக்கு உண்மையிலேயே சிரமமான வேலை இதுதான். அணித்தலைவன் கூட்டம் நடத்தும்போது நாம் குறுக்கே புகாமல் நிற்க வேண்டும். அவன் தப்பான வரிசையில் சொல்வான், சத்தம் போடுவான், சின்னவனை மிரட்டுவான். நாம் போய் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். செய்தால் அந்த அணி அன்றிலிருந்து நம் முகத்தையே பார்க்கும்.

இதற்கு இயக்கத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அணித்தலைவர்கள் கூடிப் பேசும் 'கோர்ட் ஆஃப் ஆனர்' என்ற அவை. பல படைகளில் இது பெயரளவுக்குத்தான் இருக்கிறது. நாங்கள் மாதம் ஒரு முறை தவறாமல் கூட்டுகிறோம். நான்கு அணித்தலைவர்கள், ஒரு பையன் செயலாளர். நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அடுத்த மாத நிகழ்ச்சி, கையிருப்புப் பணம், யார் தொடர்ந்து வரவில்லை என்பதெல்லாம் அங்கே பேசப்படும். "அவன் சின்னப் பையங்கள வேலை ஏவுதாம்லே, அதான் அந்த அணில ரெண்டு பேரு வரமாட்டேங்காங்க" என்று ஓர் அணித்தலைவனை இன்னொருவன் நேருக்கு நேர் சொன்னது அந்த அவையில்தான். நான் சொல்லியிருந்தால் அவன் முறைத்திருப்பான். சக அணித்தலைவன் சொன்னதால் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். அடுத்த வாரம் வராத இருவர் வீட்டுக்கும் அவனே போய்க் கூட்டிவந்தான்.

பாதுகாப்புக்குக் கேடு வராத எதிலும் பிள்ளைகள் தவறு செய்யட்டும். சோறு அடிப்பிடிக்கட்டும், கூடாரம் ஒருபக்கம் சாயட்டும். அடுத்த முறை அவர்களே சரியாகச் செய்வார்கள்.

"மார்க்கு கூடுமா அண்ணாச்சி?"

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்கும் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கும் போட்டியாகத்தான் நாம் பிள்ளையைக் கேட்கிறோம். ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் குடியரசுத் தலைவர் விருது என்று படிகள் இருக்கின்றன. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுக்கிறார்கள். இவை உண்மை. ஆனால் அதைச் சொல்லிப் பிள்ளை பிடித்தால், சான்றிதழ் கைக்கு வந்ததும் பிள்ளை போய்விடும். இருப்பதை மட்டும் சொல்லுங்கள்: கை வேலை தெரியும், நாலு பேரை நடத்தத் தெரியும், அவசரத்தில் பதறாது. ஒரு மாதம் கழித்துப் பெற்றோரையே மைதானத்துக்கு அழைத்து உட்காரவைத்துப் பாருங்கள். வீட்டில் தட்டைக் கழுவாத மகன் முகாமில் அண்டா தேய்ப்பதைப் பார்த்த தாய், அதன்பிறகு மார்க்கைப் பற்றிக் கேட்பதில்லை.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்தால் பையன்கள் நின்றுவிடுவார்கள். அணித்தலைவர்களாக உருவாக்கியவர்களே போகும்போது படை ஆட்டம் காணும். தடுக்க முயல வேண்டாம். டிசம்பர் முதல் தேர்வு முடியும்வரை விடுப்பு என்று நாமே அறிவித்துவிடலாம், துணைத்தலைவன் பொறுப்பேற்கட்டும். தேர்வு முடிந்த வாரம் வீட்டுக்கு ஆள் அனுப்பி அழைத்தால் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள். வயது தாண்டியவர்கள் உதவியாளராகவும் வரலாம்.

கயிறு, கம்பு, கணக்கு

சீருடை முழுவதையும் முதல் மாதமே வாங்கச் சொன்னால் ஏழை வீட்டுப் பிள்ளை அதோடு நின்றுவிடும். எங்கள் படையில் முதலில் ஸ்கார்ஃப் மட்டும். அதையும் படையே தருகிறது. உறுதிமொழி எடுக்கும் நேரத்தில்தான் மற்றவை. வளர்ந்து சட்டை சிறுத்துப்போன பையன்கள் சீருடையைத் துவைத்துத் தேய்த்துப் படைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்வார். யார் எடுத்தார் என்று எழுதிவைப்பதில்லை.

மற்ற சாமான்களுக்குப் பெரிய செலவில்லை. முடிச்சுப் பழக நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும்; பருத்திக் கயிறு ஆளுக்கு மூன்று மீட்டர் போதும். கூடாரத்துக்கும் பாலம் கட்டவும் சவுக்குக் கம்புகளைப் பந்தல்காரரிடம் வாடகைக்கு வாங்கலாம். எங்கள் பந்தல்காரர் காரணம் கேட்டுவிட்டு வாடகை வாங்க மறுத்தார். இப்போது சதுரக்கட்டும் மூலைக்கட்டும் பையன்களுக்கு அவரே சொல்லித்தருகிறார். முதலுதவிப் பெட்டி அவசியம். வரவு செலவை மாதாமாதம் பெற்றோர் முன்னால் படித்துக் காட்டுங்கள். பத்து ரூபாய் கணக்கு தவறினாலும் ஊர் வாய் மூடாது.

பெரியவர்கள் குறைந்தது மூவர்

தனி ஆளாக நடத்தும் படை, அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் நின்றுவிடும். பாதுகாப்புக்கும் தனி ஆள் கூடாது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது; குறைந்தது இருவர் எப்போதும் பார்வையில் இருக்க வேண்டும். முகாமில் பிள்ளைகள் படுக்கும் இடம் வேறு, பெரியவர்கள் படுக்கும் இடம் வேறு. வெளியே போகும்போது பெற்றோரின் எழுத்து ஒப்புதல், ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா போன்ற விவரம், பக்கத்து அரசு மருத்துவமனையின் எண் மூன்றும் கையில் இருக்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: மலையில் மழை பெய்தாலோ அணையில் தண்ணீர் திறந்தாலோ ஆற்று மட்டம் சட்டென்று ஏறும். நீச்சல் தெரிந்த பெரியவர்கள் கரையில் காவல் நிற்காமல் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

உதவிக்கு ஆள் கேட்கும் விதமும் முக்கியம். "படைக்கு வந்து உதவி பண்ணுங்க" என்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள். எவ்வளவு காலம் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுவார்கள். "அடுத்த மாசம் ரெண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் தீக்காயத்துக்குக் கட்டுப்போடச் சொல்லித்தாங்கம்மா" என்று ஒரு செவிலியரிடம் கேட்டேன். வந்தார். பிள்ளைகள் கற்ற வேகத்தைப் பார்த்து மீண்டும் வந்தார். பெண்பிள்ளைகளின் படைக்குப் பெண்தான் தலைவராக இருக்க வேண்டும் என்பது விதி. இன்று எங்கள் ஊரில் சாரணியர் படை நடக்கிறதென்றால் அந்த அம்மாள் அதற்கான பயிற்சி முடித்துப் பொறுப்பேற்றதால்தான்.

பயிற்சி இல்லாமல் தொடங்க வேண்டாம். மாவட்டச் சங்கத்தில் படையைப் பதிவு செய்து, சாரண ஆசிரியருக்கான அடிப்படைப் பயிற்சிக்குப் போய் வாருங்கள். ஏழு நாள் முகாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு விடுப்பு கிடைப்பது கடினம். ஆனாலும் அந்த ஏழு நாளில் நீங்களே ஓர் அணியில் ஒருவராக இருந்து, இன்னொருவர் தலைமையில் பாத்திரம் கழுவி, கூடாரம் கட்டி வருவீர்கள். அணி முறை என்றால் என்னவென்று புத்தகம் படித்துப் புரிவதைவிட அதில் அதிகம் புரியும். அதன்பின் உயர்நிலைப் பயிற்சியும் ஹிமாலயா உட் பேட்ஜும் இருக்கின்றன. அவசரமில்லை.

இதைப் படிக்கிற உங்களில் வங்கியிலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஓய்வு பெற்றவர்கள் இருப்பீர்கள். முன்னாள் ராணுவத்தினர், தையல்காரர், மின்வாரிய ஊழியர், கல்லூரி முடித்து வேலை தேடும் இளைஞர் இருப்பீர்கள். உங்கள் ஊரில் படை இருந்தால், ஒரு ஞாயிறு போய் உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையைச் சொல்லித்தாருங்கள். படை இல்லையென்றால், எதிரெதிர்த் தெருவில் வளர்ந்தும் ஒருவரோடொருவர் பேசாத எட்டுப் பிள்ளைகள் உங்கள் ஊரிலும் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை அழையுங்கள்.